கடதாசிக் கப்பும் எங்க கோப்பையும்

போன மாசம் ஹாலிஎலயில ரயிலேறி எல்லவுக்குப் போனோம். நாலு பேர், பையில ஆளுக்கொரு சில்வர் கோப்பை. அங்க ஒரு கோப்பிக் கடையில, "இதுலயே தாங்கண்ணே" என்று நீட்டினோம். அந்த அண்ணனும் சிரித்துக்கொண்டே வாங்கினார். கோப்பியைக் கடதாசிக் கப்பில் ஊற்றினார், அதை எங்கள் கோப்பையில் கவிழ்த்தார், கப்பைக் குப்பையில் போட்டார். "அளவு தெரியணும்ல தம்பி!"

சிரிச்சிட்டுத்தான் வந்தோம். ஆனா பெரிய கம்பெனிகளின் கதையும் இதிலிருந்து ரொம்ப தூரமில்லை.

சொந்தக் கோப்பை கொண்டுவருகிறவர்களுக்கு ஸ்டார்பக்ஸ் 1985 முதலே விலையில் கொஞ்சம் குறைக்கிறது. 2015க்குள் 25 சதவீத பானங்களைத் திரும்பப் பாவிக்கும் கோப்பைகளில் கொடுப்போம் என்று 2008இல் சொன்னார்கள். 2011இல் அந்த இலக்கு 5 சதவீதமானது. உண்மையில் 2 சதவீதத்தைக்கூட எட்டவில்லை.

2018இல் லண்டனில் 35 கடைகளில் வேறு மாதிரி செய்து பார்த்தார்கள். கடதாசிக் கப் வேணும்னா 5 பென்ஸ் கூடுதல். அங்கே ஏற்கெனவே சொந்தக் கோப்பைக்கு 25 பென்ஸ் குறைப்பு இருந்தது, அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. இந்த 5 பென்ஸ் வந்ததும், சொந்தக் கோப்பையில் வாங்கியவர்கள் 2.2 சதவீதத்திலிருந்து 5.8 ஆனார்கள். கேட்காமலே கப் கையில் வரும்வரை யாருக்கும் கோப்பை ஞாபகம் வராது போல.

நம்ம நாட்டிலும் 2023 ஒக்டோபரில் பிளாஸ்டிக் ஸ்ட்ரோ, கரண்டி, தட்டுகளுக்குத் தடை வந்தது. அதற்குப் பிறகு கடதாசிக் கப் நல்ல பிள்ளை மாதிரி தெரியுது. ஆனா அதுக்குள்ள மெல்லிசா பொலித்தீன் பூசியிருக்கு. ஈரம் ஊறாம இருக்கிறது அதனாலதான். கடதாசியையும் பொலித்தீனையும் லேசுல பிரிக்க முடியாது, அதனாலதான் பெரும்பாலும் மீள்சுழற்சிக்குப் போறதில்லை.

எங்க அம்மாமார் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும்போது தேத்தண்ணிப் போத்தலும் கோப்பையும் கொண்டுதான் போறாங்க. அதை யாரும் சூழல் பாதுகாப்புன்னு சொன்னதில்ல. அங்க கப் நீட்ட ஆளில்ல, அவ்வளவுதான்.

இதில வெட்கம் எங்களுக்குத்தான். எங்க மாதாந்தக் கூட்டத்துக்கு முப்பது கடதாசிக் கப் வாங்குறது நாங்கதான். முடிஞ்சதும் பின்னால குவிச்சு எரிக்கிறதும் நாங்கதான். சுற்றாடல் பற்றிக் கூடிப் பேசிய அன்றைக்கும் அதே கதைதான்.

அடுத்த கூட்டத்துக்குக் கப் வாங்கப் போறதில்லை. கோப்பை மறந்தவங்களுக்குப் பத்துக் கோப்பை வச்சிருப்போம். குடிச்சவங்களே கழுவி வைக்கணும்.

தேத்தண்ணி நாங்க போடுறோம், வாங்க.