ஐ.சி.யூ-வில் 'நல்ல பாக்டீரியா' நல்லது செய்யுமா?

ஐ.சி.யூ வாசலில் காத்திருந்தவர்களுக்குத் தெரியும்... உள்ளே இருப்பவருக்காக நாம் செய்ய ஒரு வேலையும் இருக்காது. அதனாலேயே, ஏதாவது செய்துவிட மனசு துடிக்கும்.

போன வருஷம் பெரியப்பா நிமோனியாவால் வென்டிலேட்டரில் இருந்தார் (இப்போது வீட்டில் நலமாக இருக்கிறார்). ஐந்தாம் நாள், பெரியம்மா என் கையில் ஒரு புரோபயாட்டிக் பவுடர் பாக்கெட்டைத் திணித்தார். "தயிர்ல இருக்கிற மாதிரி நல்ல கிருமிதானாம். மூக்குக் குழாய்ல கஞ்சி ஊத்தும்போது கலந்துவிடச் சொல்லும்மா. ஆஸ்பத்திரி கிருமி ஒட்டாதாம்."

அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆன்டிபயாடிக் மருந்துகள் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்களையும் சேர்த்தே அழிக்கும். காலியான இடத்தில் மருந்துக்கு அடங்காத கிருமிகள் குடியேறலாம். அப்படியென்றால், நல்லவற்றை நாமே உள்ளே அனுப்பினால்? மருத்துவ உலகமும் இதையே யோசித்துப் பரிசோதித்தது.

ஹெல்த் செய்திகள் எழுதும் பழக்கத்தில், அன்றிரவே மொபைலில் தேடினேன். கனடா, அமெரிக்கா, சவுதி அரேபியாவில் 44 ஐ.சி.யூ-க்களில், வென்டிலேட்டரில் இருந்த 2,650 பேரிடம் நடந்த ஆய்வு 2021-ல் வெளியாகியிருந்தது. புரோபயாட்டிக் கொடுக்கப்பட்டவர்களில் 21.9 சதவிகிதம் பேருக்கு வென்டிலேட்டர் நிமோனியா வந்தது; மருந்தில்லாத வெற்றுப் பொடி கொடுக்கப்பட்டவர்களில் 21.3 சதவிகிதம். ஆக, பலன் இல்லை. அதோடு, புரோபயாட்டிக் எடுத்த 15 பேரின் ரத்தம் உள்ளிட்ட மாதிரிகளில் அந்த 'நல்ல' பாக்டீரியாவே தென்பட்டது. மற்ற தரப்பில் ஒருவருக்கு மட்டும்தான்.

நெதர்லாந்தில் 2008-ல் வெளியான ஆய்வு இன்னும் அதிரவைத்தது. தீவிர கணைய அழற்சி நோயாளிகளில், புரோபயாட்டிக் எடுத்தவர்களில் 16 சதவிகிதம் பேர் இறந்தார்கள். எடுக்காதவர்களில் 6 சதவிகிதம்.

மறுநாள் டியூட்டி டாக்டரிடம் பாக்கெட்டைக் காட்டினேன். "இப்போ வேண்டாம்மா. ஆரோக்கியமா இருக்கிறவங்க தயிர் சாப்பிடுறது வேற... எதிர்ப்பு சக்தி குறைஞ்சு, உடம்புல நாலு குழாயோட இருக்கிறவருக்கு இது வேற" என்றார். பிறகு, அங்கே நடந்துகொண்டிருந்த காவலைக் காட்டினார். தலைப்பக்கம் உயர்த்திய கட்டில், வாயைச் சுத்தம் செய்யும் நர்ஸ், குழாயை எடுக்க முடியுமா எனத் தினமும் நடக்கும் பரிசோதனை, கட்டிலுக்குக் கட்டில் கை கழுவுதல்.

உங்கள் வீட்டிலும் யாராவது ஐ.சி.யூ-வில் இருந்தால், டாக்டரிடம் கேட்காமல் எதையும் உள்ளே கொடுத்தனுப்பாதீர்கள். பார்க்கப் போகும்போது கைகளை நன்றாகக் கழுவிவிட்டு, அப்புறம் அவர் கையைப் பிடியுங்கள். நம்மால் ஆகிற வேலை அது. சின்ன வேலை இல்லை.