அந்த மெயில் ஐடி யாரோடது?

கொஞ்சம் நீளமான த்ரெட். வீட்டில் காலேஜ் படிக்கிற பிள்ளைகள் இருந்தால் பொறுமையாகப் படிங்க. சம்பந்தப்பட்ட அம்மா, பொண்ணு ரெண்டு பேரும் படித்துப் பார்த்து சரி சொன்ன பிறகுதான் போடுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம்.

என் கிளினிக்கில் 11 வருஷமாக நர்ஸாக இருக்கும் அக்கா, ரெண்டு மாதம் முன்னாடி தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பொண்ணு அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், கடைசி வருஷம். "ரெண்டு வாரமா தூக்கமே இல்ல சார். நெஞ்சு படபடன்னு அடிக்குதுங்கறா. சோறும் இறங்கல."

நாடித்துடிப்பு 104. ஈசிஜியில் அந்த வேகம் தவிர வேறொன்றும் இல்லை. மறுநாள் வந்த ரத்தப் பரிசோதனையில் தைராய்டு சரி, ஹீமோகுளோபின் மட்டும் 9.6. பெண்களுக்கு 12க்குக் கீழே போகக் கூடாது. பாதிக் காரணம் கையில் கிடைத்துவிட்டது. இரும்புச்சத்து மாத்திரை எழுதி, டீ காபியோடு சேர்த்துப் போடாதேன்னு சொல்லி, அக்காவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மீதிப் பாதியைக் கேட்டேன்.

காலேஜுக்கு வந்த ஒரு கம்பெனி முதல் ரவுண்டில் இவளைத் தேர்வு செய்திருக்கிறது. அடுத்த இன்டர்வியூவுக்கான லிங்க் மெயிலில் போயிருக்கிறது. ஆனால் அந்த மெயில் ஐடி இவளோடது இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து காலேஜுக்கு விண்ணப்பம் போடும்போது பிரவுசிங் சென்டர் அண்ணன் உருவாக்கிக் கொடுத்தது. பாஸ்வேர்டு அவரிடம். ஓடிபி போவது அவர் போனுக்கு. மூணு வருஷமா எல்லா ஃபாரத்திலும் அதையே எழுதியிருக்கிறாள். கூட படிக்கிற பொண்ணு "உனக்கு மெயில் வரலையாடி?"ன்னு கேட்ட பிறகு ஓடிப்போய்த் திறந்து பார்த்தால், இன்டர்வியூ முடிந்து நாலு நாள்.

"நான் படிக்கிறதே கம்ப்யூட்டர் சயின்ஸ் சார். எனக்குன்னு ஒரு மெயில் ஐடி இல்லன்னு அம்மாகிட்ட எப்படிச் சொல்றது?"

சி++ல புரோகிராம் எழுதத் தெரிந்த பொண்ணு. வீட்டில் முதல் பட்டதாரி. மெயில் ஐடி என்பது வாக்காளர் அட்டை மாதிரி யாரோ எடுத்துக் கொடுப்பது என்றுதான் நினைத்திருக்கிறாள். அவளைச் சொல்லிக் குத்தமில்லை. நான் ஹவுஸ் சர்ஜனா இருந்தபோது வைத்திருந்த ஐடியில் 'கூல்'னு ஒரு வார்த்தையும் நடிகர் பெயரும் இருக்கும். அதிலிருந்துதான் ஒரு பேராசிரியருக்குப் பயிற்சி இடம் கேட்டு மெயில் போட்டேன். பதில் இன்னும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஓபி முடிந்து மதியம் ஒரு மணி நேரம் கிளினிக் கம்ப்யூட்டரில் உட்காரலாம்னு முடிவு பண்ணினோம். ஆறு ஞாயிறு உட்கார்ந்தோம்.

முதல் வாரம் முழுக்க பெயருக்கே போனது. நம்மவர்களுக்கு இருப்பது பெயரும் இனிஷியலும். லிங்க்டின் 'கடைசிப் பெயர்' கேட்கும், காலியாக விட்டால் நகராது. மார்க்‌ஷீட்டில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால், காலேஜ் ஐடி கார்டில் இனிஷியலே இல்லை. நாளைக்கு சான்றிதழ் சரிபார்க்கும்போது இது மூணு ஆளா ஒரு ஆளான்னு கேள்வி வரும். ஆதாரில் இருப்பதையே மெயில், ரெஸ்யூமே, லிங்க்டின் எல்லாவற்றிலும் வைத்தோம். ஓடிபி அவள் போனுக்கே வருகிற மாதிரி, இரண்டடுக்குப் பாதுகாப்போடு. பழைய ஐடியை பிரவுசிங் சென்டர் அண்ணன் மறுபேச்சில்லாமல் ஒப்படைத்துவிட்டார். நல்ல மனுஷன். ஆனா அவர்கிட்ட ஒரு நீள நோட்டு இருக்காம், பக்கம் பக்கமாக ஊர்ப் பிள்ளைகளின் ஐடிகள். எல்லாத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு.

போட்டோவுக்கு கிளினிக் சுவரே போதுமானதாக இருந்தது. எக்ஸ்ரே பார்க்கும் விளக்குப் பெட்டியைப் போட்டால் முகத்தில் நல்ல வெளிச்சம் விழுகிறது!

'உங்களைப் பற்றி' பகுதிக்கு ஏஐயிடம் கேட்டு ஒரு பத்தி கொண்டு வந்தாள். ஆர்வம், உழைப்பு, குழு மனப்பான்மைன்னு எல்லாம் இருந்தது. அவள் இல்லை. "நீ நிஜமா என்ன செஞ்சிருக்க, அத சொல்லு"ன்னேன். தயங்கித் தயங்கிச் சொன்னாள். அம்மாவுக்காக ஒரு பக்கம் செய்திருக்கிறாளாம். குழந்தை பிறந்த தேதியைப் போட்டால் 6, 10, 14 வாரத் தடுப்பூசி, 9 மாத தட்டம்மை-ரூபெல்லா ஊசி எல்லாம் எந்தத் தேதி என்று தமிழில் காட்டும். அசந்துவிட்டேன். என் கிளினிக்கில் விரல் விட்டு எண்ணிச் சொல்லிக்கொண்டிருக்கிற வேலை அது. கிட்ஹப்பில் ஏற்கெனவே ஏற்றி வைத்திருந்தாள், காசில்லாமல் அங்கேயே பக்கமாகவும் ஓடுகிறது. திறந்து காட்டினாள்.

எனக்குக் கை நடுங்கிவிட்டது. சோதித்துப் பார்ப்பதற்காக அவள் போட்டிருந்த 40 குழந்தைகளும் நிஜக் குழந்தைகள். பெயர், பிறந்த தேதி, அம்மாவின் போன் நம்பர். என் கிளினிக் தடுப்பூசி நோட்டை அக்கா போனில் படம் எடுத்துக் கொடுத்திருக்கிறார். உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், ஏழு வாரமாக.

"உடனே டெலிட் பண்ணிடறேன் சார்"ன்னா. பண்ணினாள். அப்புறம் அவளே நிமிர்ந்து, "சார், ஃபைலை அழிச்சாலும் பழைய பதிப்பு வரலாற்றுல இருக்கும்"னு சொல்லி, மொத்த ரெப்போவையும் அழித்து, கற்பனைப் பெயர்களோடு புதிதாக ஏற்றினாள். அது எனக்குத் தெரியாத விஷயம். நோட்டு மேசை மேலே திறந்தே கிடந்தது என் தப்பு. இப்போது பூட்டுப் போட்ட அலமாரியில் இருக்கிறது. 40 வீட்டுக்கும் நானே போன் போட்டுச் சொன்னேன். பெரும்பாலும் "பரவால்ல டாக்டர்"தான். ஒரு அப்பா மட்டும் நன்றாகத் திட்டினார். கேட்டுக்கொண்டேன், அவர் கோபம் நியாயம்.

லிங்க்டினில் 'வேலை தேடுகிறேன்' என்று போட்டு பத்து நாளில் வாட்ஸ்அப்பில் ஒரு 'எச்.ஆர்.' வந்தார். வீட்டிலிருந்தே வேலை, பதிவுக் கட்டணம் 1,850 ரூபாயாம். அவள் கட்டவில்லை. புதுமைப் பெண் திட்டத்தில் வரும் மாதம் 1,000 ரூபாயில் அவ்வளவு ஏது என்று சிரித்தாள். உங்கள் பிள்ளைகள் யாராவது கட்டிவிட்டால் அழுதுகொண்டு உட்காராமல் உடனே 1930க்கு போன் போடச் சொல்லுங்க. பணத்தை முடக்கிப் பிடிக்க முதல் சில மணி நேரம்தான் வாய்ப்பு.

வேலை இன்னும் கிடைக்கவில்லை. வியாழக்கிழமை ஒரு கம்பெனியில் இரண்டாவது ரவுண்டு. இந்த முறை மெயில் அவள் போனிலேயே டிங்குன்னு வந்தது, அப்போது ஊசி போட உதவிக்கொண்டிருந்த அம்மாவிடம்தான் ஓடி வந்து காட்டினாள். ஹீமோகுளோபின் 11.2. தூக்கம் வருகிறதாம்.

போன ஞாயிறு அக்காவுக்கும் ஒரு மெயில் ஐடி உருவாக்கினாள். அக்கா முகமெல்லாம் சிரிப்பு. மறந்துவிடக் கூடாதுன்னு என் மருந்துச் சீட்டு ஒன்றை எடுத்து, பின்பக்கம் பாஸ்வேர்டைப் பெரிய எழுத்தில் எழுத ஆரம்பித்தார். பொண்ணு பிடுங்கிக் கிழித்து, குப்பைக் கூடையில்கூடப் போடாமல் தன் பையில் வைத்துக்கொண்டாள்.