காய்ச்சல் விட்ட நாள்

அக்டோபர் 8, புதன்

லேப் திறக்கும்போதே பெஞ்சு நிறைந்திருந்தது. தீபாவளி நெருங்கிவிட்டால் திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் யாருக்கும் படுக்க நேரமில்லை. பனியன் கம்பெனியிலும் அவசரம், பாத்திரப் பட்டறையிலும் அவசரம். பீஸ் ரேட்டில் தைக்கிறவர்களுக்கு ஒரு நாள் படுத்தால் அன்றைய கூலி போச்சு. மாத்திரையில் காய்ச்சலை அமுக்கிக்கொண்டு ஓட்டிவிட்டு, நிற்க முடியாதபோதுதான் ரத்தம் கொடுக்க வருகிறார்கள்.

இன்று வந்த தேனிப் பக்கத்துப் பெண் பரவாயில்லை, இரண்டாம் நாளே வந்துவிட்டார். சிங்கர் டெய்லர். டெங்குவுக்கான என்எஸ்1 சோதனை பாசிட்டிவ். தட்டணு 1,40,000, பி.சி.வி. 36. முதல் ஐந்து நாளுக்குள் வந்தால் என்எஸ்1 நன்றாகக் காட்டும். அதற்குப் பிறகு ஐஜிஎம் என்ற எதிர்ப்புப் புரதத்தைப் பார்க்க வேண்டும்.

"மெடிக்கல்ல உடம்பு வலிக்கு ஒரு மாத்திரை சேத்துக் குடுத்தாங்கண்ணே, போடலாமா?" என்று அவர் கணவர் அட்டையை நீட்டினார். டைக்ளோபினாக். வேண்டவே வேண்டாம் என்று சொல்லி டாக்டரிடம் காட்டச் சொன்னேன். டெங்குவில் பாராசிட்டமால் மட்டும்தான். டைக்ளோபினாக், புரூஃபன், ஆஸ்பிரின் மூன்றும் ரத்தக்கசிவைக் கூட்டும்.

அக்டோபர் 9, வியாழன்

"ஒருக்கா வந்துட்டா மறுபடி வராதுங்களே?" என்று ஒரு பட்டறைக்காரப் பெரியவர் கேட்டார். இந்த நம்பிக்கைதான் எனக்குப் பயம். டெங்கு வைரஸ் நான்கு வகை. ஒரு வகை வந்து போனால் அந்த வகைக்கு மட்டும்தான் ஆயுளுக்கும் காப்பு. மற்ற மூன்றுக்கும் சில மாதங்கள் தாங்கும், அவ்வளவே. அதன் பிறகு வேறு வகை வந்தால், பழைய எதிர்ப்புப் புரதமே புதிய வைரஸைப் பிடித்து நம் அணுக்களுக்குள் கொண்டுபோய் விட்டுவிடுகிறது. வைரஸ் பெருகுகிறது, நோய் முற்றுகிறது.

ஸ்காட் ஹால்ஸ்டெட் என்ற அமெரிக்க மருத்துவர் 1960களில் பாங்காக் குழந்தைகளிடம் இதைக் கவனித்தார். கியூபாவில் இது கண்கூடாகவே தெரிந்தது. 1977இல் முதல் வகை பரவி, பெரிய சேதமில்லாமல் போனது. 1981இல் இரண்டாம் வகை வந்தபோது 158 பேர் இறந்தார்கள். அதில் 101 பேர் குழந்தைகள்.

எங்கள் லேப் சோதனையில் எந்த வகை என்று தெரியாது. அதற்கு பி.சி.ஆர். வேண்டும். படுக்கையில் இருப்பவருக்கு அது அவசரமும் இல்லை. வகை எதுவானாலும் வைத்தியம் ஒன்றுதான். டாக்டர்கள் பார்க்கிற பிரிவு வேறு. உலக சுகாதார நிறுவனம் 2009இல் வகுத்தபடி, அபாய அறிகுறி இல்லாத டெங்கு, அபாய அறிகுறி உள்ள டெங்கு, தீவிர டெங்கு.

அக்டோபர் 10, வெள்ளி

தேனிப் பக்கத்துப் பெண்ணுக்கு நான்காம் நாள். கணவர் முகத்தில் சந்தோஷம். "காய்ச்சல் விட்டுருச்சுண்ணே. நாளைக்குச் சம்பள நாள், கம்பெனிக்குப் போலாம்ல?"

இந்த ஊரில் நான் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி. டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் கண்டம். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், சூடு இறங்கும்போது, ரத்தக் குழாய்களிலிருந்து நீர் வெளியே கசியத் தொடங்கும். ஒன்றிரண்டு நாள் கசியும். அந்த நேரத்தில் மிஷினில் உட்கார்ந்திருந்தால் மயக்கம் வந்து விழுகிற வரை யாருக்கும் தெரியாது.

அந்தப் பெண்ணுக்கு வயிற்றுவலி. காலையிலிருந்து மூன்று தடவை வாந்தி. ரிப்போர்ட் வந்தது: தட்டணு 62,000, பி.சி.வி. 44.

"தட்டு எவ்வளவுண்ணே?" என்றுதான் கேட்டார். எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். பப்பாளி இலைச் சாறும் அதற்காகத்தான் ஓடுகிறது. நான் விரலை வைத்துக் காட்டியது அடுத்த வரியை. பி.சி.வி. என்பது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு. புதன்கிழமை 36 இருந்தது இன்று 44 என்றால் சிவப்பணு கூடவில்லை, ரத்தத்திலிருந்து நீர் வெளியேறியிருக்கிறது. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றம். டாக்டருக்குப் போன் போட்டேன். உடனே அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னார். "பஸ் வேண்டாம், ஆட்டோவிலேயே போங்க" என்றேன்.

விடாத வயிற்றுவலி, அடங்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், சோர்ந்து கிடப்பது அல்லது நிலைகொள்ளாமல் தவிப்பது, சிறுநீர் குறைவது, கைகால் சில்லிடுவது. தட்டணு ஒரு லட்சம் இருந்தாலும் இதில் ஒன்று வந்தால் ஆஸ்பத்திரிதான். உரிய நேரத்தில் கவனித்தால் தீவிர டெங்குவிலும் சாவு நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே என்கிறார்கள். தமிழ்நாட்டில் 2012இல் 66 பேரும் 2017இல் 65 பேரும் டெங்குவால் இறந்ததாக அரசுக் கணக்கு. காய்ச்சல் விட்டுவிட்டதே என்று அவர்களில் எத்தனை பேரின் வீடுகள் நிம்மதியாக இருந்திருக்கும்!

அக்டோபர் 12, ஞாயிறு

அந்தப் பெண் இருக்கும் லைன் வீட்டுக்குக் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வந்தார்கள். பக்கத்துத் தெருதான், நானும் போனேன். வாசலுக்கு வாசல் நீல டிரம். அண்டாவும் குண்டாவும் அடிக்கிற ஊரில் அண்டாவுக்கெல்லாம் மூடி இருக்கிறது, டிரம்முக்கு இல்லை.

ஒரு அக்கா டிரம்முக்குள் டார்ச் அடித்துக் காட்டினார். மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டு நெளிந்து இறங்கும் புழுக்கள். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, சுவரில், மிளகுப்பொடி ஒட்டியதுபோல் முட்டைகள். தண்ணீரைக் கொட்டினாலும் அவை போகாது. காய்ந்த டிரம்மில் மாதக்கணக்கில் கிடந்து, மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரியும். பத்து நாளுக்குள் கொசு. பகலில் கடிக்கிற கொசு. அதனால் நாரை வைத்து உள்பக்கத்தை அழுத்தித் தேய்க்க வேண்டும், வாரம் ஒரு தடவை.

"தண்ணி வாரதே எப்பவோ ஒருக்கா. அதையும் கொட்டச் சொன்னா எப்படிங்க?" என்று வீட்டுக்கார அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. தண்ணீர் ஒழுங்காக வராத ஊரில் டிரம் வைத்திருப்பவர் குற்றவாளி அல்ல. அபராதம் போடுவதைவிட நல்ல மூடி கொடுக்கலாம். பணியாளர் கொட்டச் சொல்லவில்லை. புழு கொல்லும் அபேட் மருந்தை ஊற்றிவிட்டு, டிரம் காலியாகும் அன்றைக்குத் தேய்க்கச் சொன்னார். வாய்க்கு வெள்ளை வேட்டித் துணி கட்டினாலும் போதும் என்றார். அந்த அம்மா உள்ளே போய்ப் பழைய வேட்டி ஒன்றை எடுத்து வந்து கிழிக்க ஆரம்பித்தார்.

அக்டோபர் 14, செவ்வாய்

கணவர் வந்தார். மனைவிக்கு பி.சி.வி. 37க்கு இறங்கிவிட்டது, வாந்தி இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறார். "டிரிப்ஸை நிறுத்திட்டாங்கண்ணே, ஏன்?" என்று கவலைப்பட்டார். கசிந்த நீர் இப்போது தானாகக் குழாய்க்குத் திரும்புகிறது. இன்னும் ஏற்றினால் நுரையீரலில் கோத்துக்கொள்ளும். நிறுத்தியது நல்ல சேதி.

என்எஸ்1 ரிப்போர்ட்டின் பிரதி ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். ரேஷன் கார்டோடு வைக்கச் சொன்னேன். மற்ற வகைகள் இன்னும் பாக்கி இருக்கின்றன. அடுத்த முறை அவருக்குக் காய்ச்சல் என்றால், தேனியில் இருந்தாலும் திருப்பூரில் இருந்தாலும், டாக்டரிடம் முதலில் அந்தத் தாளைத்தான் நீட்ட வேண்டும். தீபாவளி வரை கம்பெனி வேண்டாம் என்றும் சொன்னேன். சூப்பர்வைசரிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.