ஊசி போட்ட கோழியைத் தேடி

"மூவாயிரம் கோழி சார். ஒவ்வொண்ணா புடிச்சு ஊசி போட எனக்கு ஆளுங்க எங்க இருக்காங்க?"

செம்பரம்பாக்கத்தில், பெங்களூரு நெடுஞ்சாலை இரைச்சல் லேசாகக் கேட்கிற தூரத்தில் ஒரு கறிக்கோழிக் கொட்டகை. வாசலில் மருந்துத் தண்ணீரில் காலை நனைக்கச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே விட்டார் பண்ணைக்காரர். கடையில் கறி வாங்கும்போதெல்லாம் காதில் விழுகிற 'ஹார்மோன் ஊசி' பற்றித்தான் முதலில் கேட்டேன். தடுப்பு மருந்து உண்டு. முதல் வாரத்தில் வெள்ளைக்கழிச்சலுக்குக் கண்ணில் ஒரு சொட்டு, அப்புறம் கம்போரோ நோய்க்குத் தண்ணீரில் கலந்து. அவ்வளவுதான். தீவனத்திலாவது கலப்பார்களா என்றால், வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். கலந்தாலும் பருப்பைப் போலச் செரித்துப்போகும்.

உள்ளே உமி விரிப்பு, மூக்கில் ஏறும் அமோனியா நெடி. வயது 33 நாள். ஒன்றைத் தூக்கிக் கையில் கொடுத்தார். நெஞ்சில் இறகு பாதி இல்லை, தோல் சூடாக இருந்தது. கீழே விட்டதும் நாலடி நடந்து உட்கார்ந்துகொண்டது.

வலைக்கு வெளியே ஒரு நாட்டுக்கோழி, குஞ்சுகளோடு, சிந்திய தீவனத்தைக் கிளறிக்கொண்டிருந்தது. "பக்கத்து வீட்டு அக்காவோடது. கம்பெனி சூப்பர்வைசர் பாத்தா சத்தம் போடுவாரு. அதுங்களும் இதே வயசுதான், இதே தீவனந்தான்." ஒரு குஞ்சைப் பிடித்துத் தொங்கு தராசில் போட்டார். முள் கால் கிலோவைத் தொடவில்லை. பண்ணைக் கோழி 1 கிலோ 800.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இதையே முறையாகச் செய்து 2003-ல் வெளியிட்டார்கள். 1957-ம் ஆண்டுக் கோழி வம்சத்தை மாற்றாமல் காப்பாற்றி வைத்திருந்து, நவீன ராஸ் 308 ரகத்தோடு வளர்த்தார்கள். இரண்டுக்கும் பழைய தீவனம், புதுத் தீவனம் இரண்டையும் கொடுத்துப் பார்த்தார்கள். 42-ம் நாளில் பழைய தீவனம் தின்ற பழைய கோழி 539 கிராம். புதுத் தீவனம் தின்ற புதுக் கோழி 2,672 கிராம். இந்த வித்தியாசத்தில் 85 முதல் 90 சதவீதம் வம்சத்தின் வேலை, மிச்சம்தான் தீவனத்தினுடையது என்று முடிவு சொன்னார்கள். 1948-ல் அமெரிக்காவில் 'நாளைய கோழி' என்று தேசியப் போட்டியே நடத்தியவர்கள் ஆயிற்றே! தலைமுறை தலைமுறையாக எடை கூடியதை மட்டும் பொறுக்கி இனம் சேர்த்ததில் சதையோடு பசியும் கூடிவிட்டது. கறிக்கோழிக் குஞ்சுகளின் தாய்க்கோழிகளை இஷ்டத்துக்குத் தின்னவிட்டால் கொழுத்து, முட்டை குறைந்துவிடும். அதனால் அவற்றுக்கு அளந்துதான் போடுகிறார்கள். தின்பதற்கென்றே உருவாக்கிய இனத்தின் அம்மாவுக்கு அரைவயிறு. எனக்கு அந்த ஊசிக் கதையைவிட இதுதான் உறுத்துகிறது.

அப்படியானால் தீவனம் சும்மாவா? மூட்டையைப் பிரித்துக் காட்டினார். குஞ்சுக்கு ரவை மாதிரி பிரீ ஸ்டார்டர், பிறகு ஸ்டார்டர், கடைசியில் குச்சி குச்சியாக ஃபினிஷர். தெம்புக்கு மக்காச்சோளம், புரதத்துக்குச் சோயா புண்ணாக்கு, நெஞ்சுக்கறி ஏற லைசின், மெத்தியோனின் என்ற அமினோ அமிலங்கள். வளர வளரப் புரதத்தைக் குறைத்துச் சக்தியைக் கூட்டுவார்கள். வளர்ப்புச் செலவில் மூன்றில் இரண்டு பங்கு இந்த மூட்டைதான். ஒரு கிலோ எடைக்கு எத்தனை கிலோ தீவனம் என்பதை 'எஃப்சிஆர்' என்கிறார்கள். ஒன்றரையை ஒட்டி நின்றால் சந்தோஷம்; ஒன்றே முக்காலைத் தாண்டினால் முகம் வாடிவிடும்.

குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் ஒப்பந்தக் கம்பெனியின் லாரியில் வருகிறது. கொட்டகை, கரண்ட், உமி, உழைப்பு இவருடையது; கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக்கூலி. அவர் கட்டுப்பாட்டில் இருப்பது காற்றும் தண்ணீரும்தான். கத்திரி வெயிலில் அதுவே பெரிய வேலை. கோழிக்கு வியர்க்காது, தின்று செரிக்கும் சூடு வேறு. அதனால் உச்சி வெயிலில் தீவனத் தட்டைக் கயிறு இழுத்து மேலே தூக்கிவிடுகிறார். இல்லாவிட்டால் முதலில் சாவது நன்றாக வளர்ந்த கோழிதான்.

"குஞ்சே சரியில்லன்னா என்ன பண்ணுவீங்கண்ணே?"

"இளந்தாய் முட்டை சின்னதா இருக்கும், குஞ்சும் சின்னதா இருக்கும். பொட்டியத் தொறந்ததுமே தெரிஞ்சிடும். எறக்கிக்க வேண்டியதுதான் சார். கூலி போடும்போது அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க. எஃப்சிஆர் எவ்ளோன்னுதான் கேப்பாங்க."