உச்சியில் நின்ற பந்து

அஸர் தொழுகை முடிந்து, ராகலையில் பள்ளிவாசல் முற்றத்தில் ஒரு மாணவன் பந்தை மேலே எறிந்து பிடித்துக்கொண்டிருந்தான்.

"ஹஸரத், உச்சியில நிக்கக்குள்ள பூமி இழுக்கிறதில்லையா?"

"எறிந்த விசையும் இழுக்கும் விசையும் அங்கே சமம்" என்று தயங்காமல் சொல்லிவிட்டேன்.

இரவு மகளின் விஞ்ஞானப் புத்தகத்தைப் புரட்டியபோது வெட்கமாகிவிட்டது. கையை விட்டபின் எறிந்த விசையே இல்லை, வேகம்தான் மிச்சம். ஒவ்வொரு செக்கனும் அதில் செக்கனுக்கு 9.8 மீற்றரைப் புவியீர்ப்பு கழிக்கிறது. உச்சியில் வேகம் பூச்சியம், ஈர்ப்போ அப்படியே. விசைகள் சமமானால் பந்து அங்கேயே தொங்கியிருக்குமே! அரபுக் கல்லூரியில் நான் வைத்தியராக மட்டுமே அறிந்த இப்னு ஸீனா (980–1037), எறிந்த பொருள் பெறும் உந்தல் வெற்றிடத்தில் அழியாது என்று எழுதியவர்.

மறுநாள் வகுப்பில், "நேற்று நான் சொன்னது பிழை" என்றேன். பையன் பந்தை எறிந்தான். இரண்டு செக்கனில் கைக்கு வந்தது. அப்படியானால் 4.9 மீற்றர் ஏறியிருக்கிறது.

"கூரையை விட உயரமா ஹஸரத்?"

அளக்கக் கயிறு தேடினோம்.