257-வது கம்ப்யூட்டர்

இன்டர்நெட் கடைகளின் பின்னால் புரோகிராம்கள் கன்டெய்னர் கன்டெய்னராக ஓடுகின்றன. பல இடங்களில் அவற்றை மேய்ப்பது, 2014-ல் கூகுள் வெளியிட்ட குபர்நெட்டிஸ். அதில் ‘பாட்’ என்பது ஒரு குடித்தனம். ஒவ்வொன்றுக்கும் தனி ஐ.பி. அட்ரஸ்.

நண்பர் ஒருவரின் கம்பெனியில் 65,536 அட்ரஸ் வாங்கிப் போட்டிருந்தார்கள். ஊரையே குடிவைக்கலாம். தீபாவளி விற்பனைக்கு முந்தின வாரம், 257-வது கம்ப்யூட்டர் சேர மறுத்துவிட்டது. ‘‘அட்ரஸ் தீர்ந்துபோச்சு சார்!’’ ஓடுகிற கிளஸ்டரில் அதை மாற்றுவது லேசில்லை. புதிதாக இன்னொன்று கட்டி, ராத்திரி ராத்திரியாகக் குடிமாற்றினார்கள்.

கணக்கு இதுதான். ஒரு கம்ப்யூட்டரில் வழக்கமாக 110 குடித்தனம்தான். ஒதுக்குவதோ 256 எண்கள். மிச்சத்தைப் பக்கத்து கம்ப்யூட்டருக்குத் தரமாட்டார்கள். ஊதாரித்தனம் என்று நினைக்காதீர்கள். பாட்கள் அடிக்கடி காலி செய்துகொண்டு போகிறவை. அந்த எண்ணை உடனே புதியவருக்குக் கொடுத்தால், பழையவரைத் தேடிவரும் கடன்காரர் இவர் கதவைத் தட்டுவார்.

பெரிய மனையாக வாங்கக்கூடாதா? 10-ல் ஆரம்பிக்கும் தனி உபயோக அட்ரஸ்கள் மொத்தமே 1,67,77,216. ஹெட் ஆபீஸ், கிளைகள் எல்லாவற்றுக்கும் அதில்தான் பங்கு. இரண்டு பேர் ஒரே எண்ணை வைத்துக்கொண்டால் தபால் தொலையும். சென்னையில் பழைய எண், புதிய எண் பார்த்து வீடு தேடியவர்களுக்கு இது புரியும்.

பி.காம். படித்த எனக்கு இது பட்ஜெட் வேலையாகத்தான் படுகிறது. கம்ப்யூட்டருக்கு 64 குடித்தனம் போதும் என்றால் 128 எண் ஒதுக்கலாம். அதே 65,536-ல் 512 கம்ப்யூட்டர் அடங்கும்.