டங்ஸ்டன்: சில குறிப்புகள்

குண்டு பல்பு ஃபியூஸ் போனால் சின்ன வயதில் மெல்லத் தட்டிப் பார்ப்போம். அறுந்த இழையின் நுனி இன்னொரு சுற்றில் பட்டு ஒட்டிக்கொண்டால் பல்பு முன்பைவிடப் பளிச்சென்று எரியும். இழை குட்டையாகி மின்தடை குறைந்துவிடுவதால் வரும் வெளிச்சம் அது. சில நாள்தான் தாங்கும். கண்ணாடிக்குள் படியும் கறுப்பு, சூட்டில் இழையிலிருந்து ஆவியான டங்ஸ்டன்.

*

உருகுநிலை 3,422 டிகிரி செல்சியஸ். உலோகங்களில் இதுதான் உச்சம். இரும்பைப் போல உருக்கி வார்ப்பது எளிதில் ஆகாது. பொடியாக்கி, அச்சில் அழுத்தி, உருகுவதற்கு முன்பான சூட்டிலேயே இறுக வைக்கிறார்கள். அந்தக் கட்டி நொறுங்கும் தன்மையுள்ளது. அதைச் சூட்டோடு தட்டித் தட்டி நீட்டி, வைர அச்சின் துளை வழியே மெல்லிய கம்பியாக இழுத்தவர் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தின் வில்லியம் கூலிட்ஜ். 1910-ஐ ஒட்டிய ஆண்டுகள் அவை.

*

டங்ஸ்டன் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. கம்பி இழுக்கும் வைர அச்சுக்கு விலை அதிகம். அதற்கு மாற்று தேடிய ஜெர்மனியின் ஓஸ்ராம் ஆய்வகத்தில் கார்ல் ஷ்ரோட்டர், டங்ஸ்டன் கார்பைடு பொடியைக் கோபால்ட்டோடு சேர்த்துச் சூடேற்றினார். கோபால்ட் உருகி, துகள்களைச் சாந்து போலப் பிணைத்தது. 1926-இல் க்ரூப் நிறுவனம் அதற்கு ‘விடியா’ என்று பெயர் வைத்தது; ‘வைரம் போல’ என்பதன் ஜெர்மன் சுருக்கம். நம் லேத் பட்டறைகளில் இன்றும் ‘விடியா டூல்’ என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள். பல்புக்காகப் பிறந்த பொருள். குண்டு பல்பு போய்விட்டது, இது நிற்கிறது.

*

திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிகள் இந்தியா முழுக்கப் போகின்றன. பாறையை உடைப்பது துளையிடும் பிட்டின் முகத்தில் பதித்த கார்பைடு பட்டன்கள். எஃகு உடம்பு அடியைத் தாங்கும், பட்டன் கல்லைப் பொடிக்கும். பட்டன் தட்டையானதும் சாணை பிடித்து மறுபடி உருண்டையாக்க வேண்டும். தள்ளிப்போட்டால் பட்டன் வெடிக்கும்.

*

அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 19.25 கிராம்; தங்கம் 19.3. தங்கக் கட்டிக்குள் டங்ஸ்டனை மறைத்தால் எடையும் தண்ணீர்ச் சோதனையும் ஏமாறும். மீயொலி ஏமாறாது. டங்ஸ்டனில் ஒலி தங்கத்தைவிட வேகமாக ஓடுகிறது.

*

பட்டறைகளில் கார்பைடு டூலை முகமூடி இல்லாமல் உலர்வாகச் சாணை பிடிக்கிறார்கள். கோபால்ட் கலந்த அந்தத் தூசு நுரையீரலை இறுக்கும் நோயைத் தரும். தூசு உறிஞ்சியும் நல்ல முகமூடியும் இல்லாமல் எந்தப் பையனையும் சாணைக் கல்லின் முன் நிறுத்தக் கூடாது.

*

மேலூர் பக்கம் அரிட்டாபட்டியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை ஊரார் எதிர்த்தார்கள்; 2025 ஜனவரியில் மத்திய அரசு ரத்து செய்தது. தமிழி கல்வெட்டும் குடைவரைக் கோயிலும் உள்ள மலை அது. எனக்கும் நிம்மதி.

சுரங்கம் தோண்டாமலும் டங்ஸ்டன் கிடைக்கும். தேய்ந்த கார்பைடு டிப்களைப் பட்டறைக்காரர்கள் டப்பாவில் சேர்த்து வைத்து எடைக்குப் போடுகிறார்கள். உருகிய துத்தநாகத்தில் இட்டால் அது கோபால்ட்டுக்குள் புகுந்து டிப்பை உப்ப வைக்கும். பிறகு துத்தநாகத்தை ஆவியாக்கினால் கைக்குப் பொடியாக உதிர்கிறது. அதே பொடி மறுபடி அச்சுக்குப் போகும்.